முறை சொல்லிக் கூப்பிடும் மணி

எங்கள் அப்பாவிடம் எதையும் திடீரென்று கேட்கக் கூடாது. கேட்டால் "வேண்டாம்" என்பார். யோசித்துச் சொல்வதல்ல அது. தும்மல் மாதிரி வந்துவிடும். வந்ததைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் பழக்கமும் அவருக்கு இல்லை. நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, அவர் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு வந்த நேரத்தில், "முன்னறைக்கு ஒரு சோபா வாங்கலாமா?" என்று அம்மா கேட்டுவிட்டாள். "வேண்டாம்." அவ்வளவுதான். இன்றுவரை எங்கள் வீட்டில் சோபா இல்லை. வருகிறவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலிதான். அம்மாவைவிட அப்பாவுக்குத்தான் சோபா ஆசை அதிகம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அடுத்தவர் வீட்டுக்குப் போனால் சோபாவின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கிளம்பும்போது எழுந்திருக்க மனமில்லாமல் எழுந்திருப்பார். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

அதனால்தான் தங்கை என்னிடம் வந்தாள்.

"அண்ணா, அப்பாகிட்ட நீதான் பேசணும்."

"எதைப் பத்தி?"

"தெரியாதாக்கும்."

தெரியும். எங்கள் அலுவலகத்தில் சோதனைப் பிரிவில் ஒருவர் இருக்கிறார். அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள் இவள். அவரும் அப்படியே.

"அடுத்த மாசம் அவரை வேற ஊர்க் கிளைக்கு மாத்தறாங்க. அதுக்குள்ள அப்பா சரின்னு சொல்லியாகணும். நானோ அவரோ போய் நின்னா பட்டுனு 'வேண்டாம்'தான் வரும். அப்புறம் நானும் அந்த சோபாவும் ஒண்ணு."

"சரி, யோசிக்கிறேன்."

"யோசிக்காத, பேசு. நீதான் எல்லாத்தையும் முன்கூட்டியே கணக்குப் போடற ஆளாச்சே. நேரம் பாத்து, பதமா, ஒரே ஒரு தடவை."

பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். முன்கூட்டியே கணக்குப் போடுவதுதான் என் வேலையும்.

எங்கள் நிறுவனம் பேசும் அழைப்பு மணி செய்கிறது. வாசலில் இருக்கும் பொத்தானில் விரலை வைத்தால், ரேகையைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்ளும். உள்ளே ஒவ்வோர் அறையிலும் ஒரு சின்ன ஒலிபெருக்கி. வந்திருப்பவர் யார் என்று அது சொல்லும். முதலில் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. விற்க ஆரம்பித்த வாரமே ஒரு பெண்மணி தொலைபேசியில் கூப்பிட்டுக் கிழி கிழியென்று கிழித்துவிட்டார். அவருடைய அப்பா வந்து விரலை வைத்திருக்கிறார். மணி அவர் பெயரை மொட்டையாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறது.

"எங்கம்மாவே எங்கப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. உங்க டப்பா கூப்பிடுது!"

மேலாளர் கூட்டம் போட்டார். பேனாவைக் காதில் செருகிவிட்டு மேசையெல்லாம் தேடுகிற பெண்மணி அவர். அன்றும் தேடிக்கொண்டே சொன்னார்: "பேரே வேண்டாம். முறை சொல்லிக் கூப்பிடட்டும். மாமா வந்திருக்காரு, அத்தை வந்திருக்காங்க. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் என்று நினைப்பவர்கள் ஒரு கல்யாண வீட்டு வாசலில் அரைமணி நேரம் நிற்க வேண்டும். உள்ளே வருகிற ஒரே மனிதர் முன்னறையில் தம்பி, சமையலறையில் கொழுந்தன், மாடியில் சித்தப்பா, பக்கத்து அறையில் சம்பந்தி. ஒரு விரலுக்கு நாலு அறையில் நாலு சொல் வர வேண்டும். உறவுக்கு உறவு விதி உண்டு, விதிக்குள் வயது வேறு வந்து நிற்கும். அப்பாவுக்கு மூத்தவரென்றால் பெரியப்பா, இளையவரென்றால் சித்தப்பா. இத்தனையையும் யோசிக்க மணிக்குள் இருப்பதோ நகத்தளவு சிலிக்கான் சில்லு, அதுவும் மலிவானது. அதை மூளை என்று சொன்னால் மூளை கோபித்துக்கொள்ளும்.

"அதுக்கு யோசிக்கவே வேலை வைக்க வேண்டாம்," என்றேன் நான். கூட்டத்தில் நான் வாய் திறந்ததே எல்லாருக்கும் வியப்பு.

நாங்கள் எழுதும் நிரலைச் சில்லுக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். அது எங்கள் மேசைமேல் உள்ள பெரிய கணினியில் ஓடுகிறது. நான் எழுதும் மொழியில் டெம்ப்ளேட் என்று ஒன்று உண்டு. வார்ப்புரு. ஒரு அச்சை வைத்துக்கொண்டு வேண்டிய உருவங்களை வார்த்துக்கொள்ளத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அச்சுக்குள் அச்சு, அதற்குள் இன்னோர் அச்சு என்று அடுக்கிக் கொடுத்தால், மாற்றிக்கொண்டிருக்கும்போதே கம்பைலர் கணக்கும் போட ஆரம்பித்துவிடும். 'அம்மாவின் தம்பியின் மனைவி' என்று கொடுத்தால் வெங்காயம் உரிப்பதுபோல் ஒவ்வொன்றாக உரித்து, 'அத்தை' என்று விடையோடு வந்து நிற்கும். சில்லுக்குப் போவது அந்த விடை மட்டும். மணி அடிக்கும் நேரத்தில் யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. எல்லாம் கம்பைல் பண்ணும்போதே முடிவாகியிருக்கும்.

எனக்கு இதில் ஒரு தனி நிம்மதி உண்டு. பேச வேண்டிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. பேசாமல் திரும்பிப் படி இறங்கும்போதுதான், மேலே சொல்லியிருக்க வேண்டியது வரிவரியாகத் தோன்றும். எதிராளி வருவதற்கு முன்பே எல்லாப் பதிலையும் முடித்துவைத்துவிட்டு, அவர் வந்தபின் சும்மா இருக்கலாம் என்கிற ஏற்பாடு வேறு எங்கே கிடைக்கும்?

முதல் நாள் கம்பைலரை ஓடவிட்டேன். போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. கணினியின் விசிறி லாரி மேடேறுவதுபோல் இரைந்தது. கடைசியில் என்னால் முடியாது என்று கையை விரித்து, திரை முழுக்கப் புலம்பிவைத்தது: கணவனின் மனைவியின் கணவனின் மனைவியின் கணவனின் மனைவியின்... பக்கம் பக்கமாக.

கணக்குப் பிரிவு அக்கா தேநீரோடு பின்னால் வந்து நின்றார். "என்ன சார், ஒரே குடும்பச் சண்டையா இருக்கு?"

"எங்க நிறுத்தணும்னு நான் சொல்லலக்கா. அதான் சுத்துது. கணவனோட மனைவின்னா அது அவங்களேதான்னு ஒரு விதி எழுதிட்டா நின்னுடும்."

"எழுதுங்க, எழுதுங்க. ஆனா எல்லா வீட்டுலயும் அதை அவ்வளவு அடிச்சுச் சொல்ல முடியாது," என்று சொல்லிவிட்டு ஒரு வாய் உறிஞ்சினார்.

விதி எழுதாத உறவு எதிரே வந்தால் கம்பைலர் அங்கேயே நின்றுவிட வேண்டும். நின்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை நம் இஷ்டத்துக்கு வைக்கலாம். நான் வைத்தது: 'இவர் உங்களுக்கு என்ன வேண்டும்?' ஒரு மாதம் அது என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தது. நண்பர் வந்தால் என்ன செய்வது என்று, நண்பனுக்கு ஆங்கிலத்தில் 'ஃபிரெண்ட்' என்று ஒரு வகை எழுதப்போனேன். அந்தச் சொல்லை மொழி ஏற்கெனவே தனக்கென்று எடுத்துவைத்திருக்கிறது, தர முடியாது என்றது. அந்த மொழியில் நண்பன் என்றால், உன் அந்தரங்கத்தை எட்டிப்பார்க்க உன்னிடமே அனுமதி வாங்கியவன். வேறு அர்த்தம் கிடையாது. கடைசியில் 'விருந்தாளி' என்று வைத்துத் தப்பித்தேன்.

தங்கை கட்டிக்கொள்வேன் என்கிற அந்தச் சோதனைப் பிரிவுக்காரர் வந்தது இந்தக் கட்டத்தில்தான். சோதித்துப் பார்க்கப் பத்து உறவினர்கள் வேண்டும், அலுவலகத்தில் யாருக்கும் நேரமில்லை. அவர் தன் பத்து விரல்களையும் பத்து உறவினர்களாகப் பதிந்துகொண்டார். வலது கட்டைவிரல் பெரியப்பா. ஆள்காட்டி விரல் விருந்தாளி. நடுவிரல் தாய்மாமா. இப்படியே போய், இடது மோதிர விரல் வீட்டுப் பெண்ணின் கணவர், அதாவது அப்பா அம்மாவுக்கு மாப்பிள்ளை. அன்றிலிருந்து அவரைப் பத்துவிரல் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டோம். சாப்பிடும்போதுகூட, "பெரியப்பாவை மடக்கிக்கிட்டு, சித்தப்பாவால பிசையறீங்களே" என்று கணக்கு அக்கா கிண்டல் செய்வார். சோதனையில் ஒரு நாளும் அவர் விரல் மாறியதில்லை. அதையும் சொல்லிவைக்கிறேன்.

மணிக்குக் குரல் வேண்டியிருந்தது. என் தங்கை ஒரு பல் மருத்துவமனையில் தொலைபேசி எடுக்கிறவள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுகிறவர்கள்கூட அவள் குரல் கேட்டால் வலியை மறந்து இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசுவார்களாம். அவளை வரச்சொன்னேன். எல்லா முறைகளையும் ஒழுங்காகப் படித்துக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் மட்டும் வேலை நின்றது.

"பொண்டாட்டி ரூம்ல என்ன சொல்றது?" என்றார் மேலாளர்.

"'என்னங்க வந்திருக்கிறார்'?" என்றார் பத்துவிரல்.

"அய்யே."

"'அவர் வந்திருக்கிறார்'?"

"எவர்னு கேட்பாங்களே."

"நான் எங்க வீட்டுல 'இந்தாங்க'ன்னுதான் கூப்பிடறேன்," என்றார் கணக்கு அக்கா. "ஆனா 'இந்தாங்க வந்திருக்கிறார்'னா கூரியர் வந்த மாதிரி இருக்கும்."

"நான் பேர் சொல்லியே கூப்பிடறேன்பா," என்றார் மேலாளர்.

"பேரே கூடாதுன்னது நீங்கதானே மேடம்?"

மேலாளர் பேனாவைத் தேட ஆரம்பித்தார். உள்ளே கண்ணாடி அறையில் தங்கை ஒலிவாங்கிக்கு முன்னால் காத்துக்கொண்டிருந்தாள். பத்துவிரல் உள்ளே போய்க் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "உங்களுக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க," என்றார். அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அவரும் பதிவை நிறுத்தவில்லை. இரண்டு மூச்சு நேரம் கழித்து, "வந்திருக்கிறார்," என்றாள்.

"சரியா வந்திருக்கு," என்றார் அவர். அந்த மௌனத்தை அப்படியே வெட்டி எடுத்துச் சேர்த்துவிட்டார்.

தங்கை என்னிடம் வந்து கேட்பதற்கு முன்பே, கண்ணாடிக்கு வெளியே நின்ற எனக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். எனக்கோ சில்லில் இடம் போகிறதே என்ற கவலை.

"ஒண்ணுமே இல்லாததுக்கு இவ்வளவு இடமா? வெட்டுங்க."

"வேண்டாம் சார், இருக்கட்டும்," என்றார் பத்துவிரல். அவர் என்னிடம் மறுத்துப் பேசியது அது ஒன்றுதான்.

தங்கைக்குக் கொடுத்த வாக்குக்கு வருகிறேன். அப்பாவிடம் பேச வேண்டியதை நான் உட்கார்ந்து கட்டினேன். 'யார்?' என்று கேட்டால் இது. 'ஏன் இப்பவே?' என்றால் இது. 'அவங்க வீட்டுல யாரு பெரியவங்க?' என்றால் அதற்கு மூன்று கிளை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிளை. எல்லாவற்றையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில்தான் சிக்கியது. அப்பா ஒன்றும் சொல்லாமல் இருந்தால்? நான் பேசாமல் காத்திருப்பேன். நான் பேசாவிட்டால் அவரும் பேச மாட்டார். அவர் பேசாவிட்டால் நானும். கணவனின் மனைவியின் கணவன் மாதிரி அது போய்க்கொண்டே இருந்தது, நிறுத்துவதற்கு விதி கிடைக்கவில்லை. தினமும் சாயங்காலம் அவருக்கு எதிர் நாற்காலியில் போய் உட்காருவேன். அவர் செய்தித்தாளில் வரும் சுடோகு எண்புதிரைப் போட்டுக்கொண்டிருப்பார். நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு சாப்பிடக் கூப்பிடுவார்கள்.

"பேசினியா?" என்பாள் தங்கை.

"இன்னும் ஒரு கிளை பாக்கி இருக்கு."

"நீ கிளை கிளையா மரம் வளத்துக்கிட்டே இரு. அவரு அந்தக் கிளைக்கு மூட்டை கட்டிப் போயிடுவாரு."

இதற்கிடையில் மேலாளர் ஒரு கட்டடக்காரரைப் பிடித்திருந்தார். அவர் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி முழுவதற்கும் மணி வாங்கக்கூடியவர். ஆனால் அலுவலகத்தில் பார்த்தால் நம்ப மாட்டாராம், ஒரு நிஜ வீட்டில், நிஜக் குடும்பத்தோடு பார்க்க வேண்டுமாம்.

"உங்க வீடு பக்கத்துலதானே சார்?"

அப்பாவிடம் கேட்டால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை. ஏணியைப் போட்டு நானே மாட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து கீழே நின்று பார்த்தார்.

"என்னடா இது?"

"மணி."

"ம்," என்றுவிட்டுப் போய்விட்டார். கேள்வியாக வந்தால்தான் அவருக்கு வேண்டாம் வரும். நடந்து முடிந்துவிட்டதை ஒன்றும் சொல்ல மாட்டார். இது என் கண்முன்னால்தான் நடந்தது. சாப்பாட்டு நேரத்தில் இதைத் தங்கையிடம் ஒரு வேடிக்கையாகச் சொல்லவும் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. கையைக்கூடக் கழுவாமல், யாரிடமோ பேச அலைபேசியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

புது மணி வந்து சேராததால், அலுவலகத்துச் சோதனை மணியையே மாட்டியிருந்தோம். எங்கள் குடும்பத்தையும் சித்தப்பாவையும் சேர்த்து மறுபடி கம்பைல் பண்ணினேன். பத்துவிரலின் விரல் பதிவுகளை அழிக்க நேரமில்லை.

"நீங்க வலது ஆள்காட்டி விரலை மட்டும் வையுங்க. அது விருந்தாளி. வேற எதையும் வச்சிடாதீங்க, குழப்பமாயிடும்."

"என் விரல் எனக்குத் தெரியாதா சார்?" என்றார் அவர்.

கட்டடக்காரர் கனத்த மனிதர். எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்ததும் அதன் கால்கள் நான்கும் நாலு பக்கம் பார்த்தன. சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். இன்னொரு நாற்காலியில் மேலாளர். மூன்றாவதில் அப்பா, மடியில் எண்புதிர். நாற்காலி அத்துடன் தீர்ந்தது. நான் சுவரோடு நின்றேன். அம்மா சமையலறையில். தங்கை தன் அறையில் கதவைப் பாதி சாத்தியிருந்தாள்.

முதலில் அடுத்த தெருச் சித்தப்பா வந்து விரலை வைத்தார். முன்னறையில் "தம்பி வந்திருக்கிறார்" என்றது மணி. சமையலறையில் "கொழுந்தன் வந்திருக்கிறார்." என் அறையிலும் தங்கை அறையிலும் "சித்தப்பா வந்திருக்கிறார்." எங்கள் வீடு சின்னது, ஒன்றன்பின் ஒன்றாக எல்லாமே முன்னறைக்குக் கேட்டது.

கட்டடக்காரரின் சாவிக்கொத்து நின்றது. "அட! ஆளுக்கேத்த மாதிரி பேசுதே! எங்க சம்பந்தி மாதிரி."

சித்தப்பாவுக்கும் பிடித்துப்போய்விட்டது. வெளியே போய் இன்னொரு தடவை வைத்தார். மூன்றாவது தடவை போகப் பார்த்தபோது அப்பா, "போதும்டா, உள்ள வந்து நில்லு," என்றார். அவர் என் பக்கத்தில் வந்து சுவரோடு சாய்ந்துகொண்டார்.

"இதெல்லாம் சரி. முன்பின் தெரியாதவங்க வந்தா?" என்றார் கட்டடக்காரர்.

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் அலைபேசியில், கீழே காத்திருந்த பத்துவிரலுக்கு ஒரு தகவல் தட்டினேன். மாடிப்படியில் செருப்புச் சத்தம். வாசலில் வந்து நின்றது. பிறகு மணி ஒலித்தது.

முன்னறையில், அப்பாவின் தலைக்கு மேலே, என் தங்கையின் குரல் தெளிவாகச் சொன்னது: "மாப்பிள்ளை வந்திருக்கிறார்."

சமையலறையில்: "மாப்பிள்ளை வந்திருக்கிறார்." ஏதோ பாத்திரம் விழுந்தது.

என் அறையில்: "மச்சான் வந்திருக்கிறார்."

கடைசியாகத் தங்கையின் அறையில் ஒலிபெருக்கி லேசாக இரைந்தது. இரண்டு மூச்சு நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு, "வந்திருக்கிறார்."

மேலாளரின் கை காதுக்குப் போய், இருந்த பேனாவைத் தானே எடுத்தது. நான் அவர் அதைக் கண்டுபிடித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். கட்டடக்காரர் அப்பாவைப் பார்த்தார். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் விளக்கைப் பார்த்தேன்.

அப்பா எண்புதிரை மடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு விதி கிடைக்காத அந்தக் கிளை இதுதான். நான் கட்டிவைத்திருந்த பதில்கள் அத்தனையும் தொண்டை வரை வந்து, எது முதலில் போவது என்று நெருக்கியடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டன. அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாயிலிருந்து அந்த ஒரு சொல் வந்துவிட்டால் என் தங்கையின் கதை முடிந்தது.

"இது எப்படா முடிவாச்சு?" என்றார்.

"கம்பைல் பண்ணும்போதேப்பா," என்றேன். அத்தனை கிளையில் எனக்கு வந்தது இதுதான்.

"அப்படின்னா?"

"மணி அடிக்கறதுக்கு முன்னாடியே."

"ம்." எழுந்தார். அவருக்கு இடது காது கொஞ்சம் மந்தம், அதனால் கதவைத் திறந்து வலது காதைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். பத்துவிரல் நன்றாகத் தேய்த்த சட்டையில் நின்றுகொண்டிருந்தார். வலது கையில் ஒரு பை நிறையப் பழம். இடது கை இன்னும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான்கு விரல்களும் மடங்கி, மோதிர விரல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. சொல்லிவைத்து நீட்டினாலொழிய அப்படி ஒரு விரல் தனியாக நிற்காது.

"தம்பி," என்றார் அப்பா, "நீங்க எங்களுக்கு என்ன வேணும்?"

என் கம்பைலர் ஒரு மாதமாக என்னைக் கேட்ட அதே கேள்வி. கேட்ட கேள்விக்கு வாயால் சொல்ல முடியாத பத்துவிரல், தனக்குத் தெரிந்த ஒரே வழியில் பதில் சொல்லப் போனார். மணியை மறுபடி அமுக்கப் பார்த்தார். பதற்றத்தில் பழப்பை கை மாறியது. வலது கை போய்ப் பொத்தானில் விழுந்தது. பெரியப்பா கட்டைவிரல்.

வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்கு விரல் மாறியது.

"அண்ணன் வந்திருக்கிறார்," என்றது முன்னறை.

அப்பா எங்கள் வீட்டுக்கு மூத்தவர். அவருக்குக் கீழே நான்கு பேர், மேலே யாரும் கிடையாது. அவரை 'டேய்' என்று கூப்பிட உலகத்தில் ஓர் ஆள் பாக்கியில்லை. அந்த இடத்தை அவர் யாருக்கும் கொடுத்ததுமில்லை.

"அண்ணனா?" அப்பா ஓரடி பின்னால் வந்தார். "இந்த வயசுல எனக்கு ஒரு அண்ணனா? வேண்டாம், வேண்டாம்!"

தங்கையின் அறைக் கதவு படீரென்று திறந்தது. அவள் முகம் செத்துப்போயிருந்தது. அந்தச் சொல் வந்துவிட்டது. வந்தால் வந்ததுதான்.

அப்பா கையை வீசிக்கொண்டே முடித்தார்: "முதல்ல சொல்லுச்சே, அதுவே இருக்கட்டும்."

முதலில் புரிந்துகொண்டவர் சித்தப்பா. "அண்ணே!" என்று ஒரு சத்தம் போட்டார். பத்துவிரல் நிலைப்படியிலேயே நின்று, மணியிடமிருந்து இரண்டு கைகளையும் எடுத்துப் பையோடு சேர்த்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். இனிமேல் ஒரு விரலையும் நம்ப மாட்டார் என்று தோன்றியது.

"தெரியாதவங்க வந்தாலும் மணி மாப்பிள்ளைன்னு சொல்லுமா?" என்று கட்டடக்காரர் மேலாளரிடம் மெதுவாகக் கேட்டார்.

"இல்ல சார். இது... இது தனி வசதி."

"எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு. எந்த வசதியும் எடுத்துடாதீங்க, அப்படியே கொடுங்க."

அம்மா ஈரக்கையோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். தங்கை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூக்கை உறிஞ்சினார்கள்.

"உள்ள வாங்க மாப்பிள்ளை," என்றார் அப்பா. "உக்காருங்க."

பத்துவிரல் உள்ளே வந்தார். உட்கார இடம் தேடினார். ஒரு நாற்காலியில் கட்டடக்காரர், ஒன்றில் மேலாளர். மூன்றாவதன்மேல் எண்புதிர் கிடந்தது. ஆனால் அது அப்பாவுடையது, அதில் போய் மாப்பிள்ளை எப்படி உட்காருவார்? அப்பா அறையைச் சுற்றி ஒரு முறை பார்த்தார். சுவரோடு நிற்கிற தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெறுந்தரையைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இந்த அறையை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறவர் போல இருந்தது அவர் முகம்.

"என்ன வீடு இது?" என்றார் எரிச்சலாக. "மாப்பிள்ளை வந்தா உக்கார ஒரு சோபா இல்ல!"

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ ஒண்ணு வாங்—" என்று ஆரம்பித்தாள்.

நானும் தங்கையும் ஒரே பாய்ச்சலில் போய் அவள் வாயைப் பொத்தினோம்.